மொரட்டாண்டிச் சாவடி முதல் மரக்காணம் வரை

வெள்ளிக்கிழமை மாலையானால் லாஸ்பேட்டை கொக்கு பார்க் சிக்னலைக் கடப்பது எளிதாக இருப்பதில்லை. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக வரும் கார்கள் வரிசை கட்டி நிற்கும். பெங்களூரு வண்டிகள் திண்டிவனம் சாலை வழியாக வந்து கோரிமேட்டில் நுழையும். இரண்டு வாசல் வழியாக வந்தாலும் கேட்பது ஒன்றுதான். இரவு தங்க ஓர் அறை, நல்ல சாப்பாடு, அதனோடு ஒரு கிளாஸ் மது. இவை மூன்றும் ஒரே கூரைக்குள், அதுவும் ஒரு பழைய வீட்டுக்குள் கிடைத்துவிட்டால் தேடல் முடிந்துவிடுகிறது. பாண்டிச்சேரி என்ற பெயருக்கே இன்று பலர் மனத்தில் இருக்கும் பொருள் அதுதான்.

லாஸ்பேட்டையில் குடியிருக்கிற எனக்கு இந்தத் தேடல் புதிதல்ல. தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று மாதத்தில் சிலராவது போன் செய்து இதைத்தான் கேட்பார்கள். கேட்கும்போது அவர்கள் மனத்தில் ஓடுவது ஐரோப்பியச் சிற்றூர் விடுதி. கீழ்த்தளத்தில் கணப்படுப்பு, அதன் அருகே பீர் ஊற்றும் மேடை, பக்கத்தில் சாப்பாட்டு அறை, மாடியில் நான்கைந்து படுக்கையறைகள், கொல்லையில் குதிரை லாயம். இங்கிலாந்தில் அப்படிப்பட்ட விடுதிகள் யாத்திரையோடு சேர்ந்து வளர்ந்தவை. 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாஸர் எழுதிய கேன்டர்பரி கதைகளில் யாத்ரீகர்கள் கூடுவது லண்டனுக்குத் தெற்கே சவுத்வர்க்கில் இருந்த டபார்ட் விடுதியில்தான். அந்த விடுதிக்காரரே கதை சொல்லும் போட்டியை வைத்து, சிறந்த கதை சொல்பவருக்கு மற்றவர்கள் செலவில் விருந்து என்று அறிவிக்கிறார். டபார்ட் 1676இல் எரிந்து, மறுபடி கட்டப்பட்டு, 1870களில் இடிக்கப்பட்டது. அந்த நாட்டின் பழைய வழக்குச் சட்டத்தில் ஒரு நல்ல விதி உண்டு. இடமும் இருந்து, வழிப்போக்கர் கையில் காசும் இருந்தால், விடுதிக்காரர் தக்க காரணமில்லாமல் அவரைத் திருப்பி அனுப்பக் கூடாது.

நம் பக்கத்தில் அப்படி ஓர் இடம் இருந்ததா? தேடிக்கொண்டு வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. ஸ்கூட்டரில் அரை மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய இடத்தில் இருந்திருக்கிறது.

அதற்கு முன் லாஸ்பேட்டையைப் பற்றிக் கொஞ்சம். விமான நிலையம், தாகூர் கலைக் கல்லூரி, ஹெலிபேட் மைதானம் என்று இன்று அடையாளம் சொல்லும் இந்தப் பகுதி, ழான் லா தெ லொரிஸ்தோன் என்ற பிரெஞ்சு ஆளுநரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஸ்காட்லாந்து வம்சாவளியினர். பிரான்சின் நிதியமைப்பையே ஆட்டிப் பார்த்த ஜான் லாவின் தம்பி மகன். வங்காளத்திலும் பீகாரிலும் சிதறிப்போன பிரெஞ்சுப் படையை வைத்துக்கொண்டு முகலாய அரசர் ஷா ஆலத்தின் பக்கம் நின்று போரிட்டு, 1761 ஜனவரியில் ஆங்கிலேயரிடம் பிடிபட்டார். அதே மாதம்தான் புதுச்சேரியும் விழுந்தது. நகரைப் பிடித்த ஆங்கிலேயர் கோட்டையையும் ஆளுநர் மாளிகையையும் வெள்ளைக்காரர் பகுதியையும் தரைமட்டமாக்கினார்கள். 1763 பாரிஸ் உடன்படிக்கைப்படி ஊர் திரும்பக் கிடைத்தபோது, அதை ஏற்றுக்கொள்ள 1765இல் வந்திறங்கியவர் லா. ஆளுநராக வந்தவர் பெற்றுக்கொண்டது கற்குவியல். 1777 வரை இருந்து அதை மறுபடி ஊராக்கினார். இன்று சுற்றுலாக்காரர்கள் படமெடுத்துக்கொள்ளும் பிரெஞ்சுத் தெருக்களில் 1761க்கு முந்தையது மிகச் சொற்பம் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

லாஸ்பேட்டை இன்று உழவர்கரை நகராட்சியைச் சேர்ந்தது. அந்த உழவர்கரையிலிருந்துதான் நான் சொல்ல வந்த கதை தொடங்குகிறது.

1745ஆம் ஆண்டின் கடைசி. துய்ப்ளேக்ஸ் ஆளுநர். அவருக்குத் தலைமைத் துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகரும், கனகராய முதலி. கிறிஸ்தவர், பெருஞ்செல்வர். உழவர்கரையில் அவர் ஒரு தேவாலயம் கட்டி, அதற்காக ஒரு விருந்து வைத்தார். அதைப் பற்றி நமக்குச் சொல்பவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் 1761இல் தம் இறுதி நாட்கள் வரை அவர் எழுதிய நாட்குறிப்பு, தென்னிந்திய வரலாற்றின் பெரும் சாட்சி. பிராமணர், வேளாளர், கோமுட்டி, செட்டி, தட்டார், நெசவாளர், எண்ணெய் வாணியர், ஐரோப்பியர் என்று ஒருவரையும் விடாமல் அழைத்திருந்தார் கனகராய முதலி. அழைத்த விதத்தில் பேதம் இல்லை. சமைத்த விதத்தில் இருந்தது. பிராமணர்களுக்குப் பிராமணச் சமையல்காரர்களை வைத்துச் சமைக்கச் சாவடிகளும் தோட்டங்களும் ஒதுக்கப்பட்டன. வேளாளருக்கு வேறிடம், ஐரோப்பியருக்கு வேறு மேசை. துய்ப்ளேக்ஸும் அவர் மனைவியும் வந்து உண்டு, மாலை ஐந்து மணிவரை இருந்தார்கள். அதன்பின் அவர்கள் போனது மொரட்டாண்டிச் சாவடிக்கு.

மொரட்டாண்டி! திண்டிவனம் சாலையில் போகிறவர்களுக்கு அது சுங்கச்சாவடியின் பெயர். ஆரோவில்லுக்குத் திரும்பும் செம்மண் மேட்டுப் பகுதி. அந்தப் பெயரோடு சேர்ந்த சாவடி வெறும் வழிப்போக்கர் கூரையாக மட்டும் இருக்கவில்லை. ஊருக்கு வெளியே, கடற்கரைப் புழுக்கத்திலிருந்து விலகி, மேட்டு நிலக் காற்றில் ஆளுநர் குடும்பம் தங்கி இளைப்பாறும் இடமாகவும் இருந்தது. ஆளுநர் தங்கினால் சமையலும் இருந்திருக்கும், மேசையும் இருந்திருக்கும், கப்பலில் வந்த திராட்சை மதுவும் இருந்திருக்கும் என்று சொல்லப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. சிற்றூர் விடுதி என்று நாம் தேடுவதற்கு இந்தப் பக்கத்தில் இதைவிட நெருக்கமான ஒன்றை நான் காணவில்லை.

அந்த வழியைப் பார்க்கத்தான் ஒரு காலை நேரத்தில் கிளம்பினேன். லாஸ்பேட்டை கல்லூரிச் சாலையிலிருந்து மேற்கே திரும்பி, ராஜீவ் காந்தி சிலையைத் தாண்டினால் ஜிப்மர் மருத்துவமனை வந்துவிடும். விடியும் முன்பே விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலைப் பக்கமிருந்து வந்த நோயாளிகளும் துணைக்கு வந்தவர்களும் வெளியே கூடியிருந்தார்கள். நடைபாதை ஓரத்தில் பாய் விரித்து இரவைக் கழித்தவர்கள் எழுந்து வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கோரிமேடு. மாநில எல்லை நெருங்க நெருங்க மதுக்கடைகள் கூடுகின்றன. எல்லையைத் தாண்டினால் தமிழ்நாட்டுக் காவலர்களின் சோதனை. அதற்கப்பால் பட்டானூர், பிறகு மொரட்டாண்டி. மொத்தம் பத்துக் கிலோமீட்டருக்குள். பல்லக்கிலும் குதிரையிலும் போன காலத்தில் இது ஒரு மாலைப் பொழுதின் பயணம். சாலையோரம் லாரிகள் நிறுத்தியிருந்தன. ஓட்டுநர்கள் சக்கரத்தடியில் துண்டு விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். டீக்கடைப் பெரியவரிடம் ஊர்ப் பெயரைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். "சாவடின்னு எங்க தாத்தா காலத்துல சொல்லுவாங்க சார். இப்ப டோல்கேட்னு சொன்னாத்தான் பஸ்காரனுக்கே தெரியுது" என்றார். இருநூற்றெண்பது ஆண்டுகள் கழித்தும் வண்டிகள் அந்த இடத்தில்தான் நிற்கின்றன.

சாவடி என்பது அந்தக் காலத்தில் பல வேலைக்கான கூரை. வழிப்போக்கர் படுப்பார்கள், சுங்கம் வசூலிப்பார்கள், பஞ்சாயத்துப் பேசுவார்கள். புதுச்சேரியில் தமிழர்களின் வழக்குகளை விசாரித்த நீதிமன்றமே சாவடி என்ற பெயரில்தான் நடந்தது. பிரெஞ்சுக்காரர்கள் அதை ஷோத்ரி என்று எழுதினார்கள். 18ஆம் நூற்றாண்டில் அது அளித்த தீர்ப்புகள் நூலாகவும் வந்திருக்கின்றன. சாவடியில் படுக்கலாம். சாப்பாடு வேண்டுமானால் சத்திரத்துக்குப் போக வேண்டும். குடிக்க வேண்டுமானால் கள்ளுக்கடை, சாராயக்கடை. ஐரோப்பியர் ஒரு கூரைக்குள் வைத்ததை நாம் ஊரின் வேறு வேறு மூலைகளில் வைத்தோம்.

இந்தப் பிரிவினையில் நாம் பெற்றதும் உண்டு, இழந்ததும் உண்டு.

பெற்றது சத்திரம். அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் தஞ்சைப் பக்கம் மனம் போய்விடுகிறது. 1801இல் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி, ஆங்கில ரெசிடென்ட் பெஞ்சமின் டோரினுக்கு ஒரு கடிதம் எழுதினார். நாட்டின் நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. சத்திரங்களையாவது என்னிடம் விட்டுவிடுங்கள் என்பதே கடிதத்தின் சாரம். ராமேஸ்வரம் போகும் வழியில் இருந்த அந்தச் சத்திரங்களில் என்ன நடக்கிறது என்று அவர் விவரித்ததை யார் படித்தாலும் நெகிழ்ந்துவிடுவார்கள். எந்தச் சாதியாராயினும் வழிப்போக்கருக்குச் சோறு. சமைத்ததை உண்ண விரும்பாதவருக்கு அரிசியும் சாமான்களும். நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் வரலாம் என்று அறிவிப்பு. நடக்க முடியாமல் தங்கிவிட்டவருக்குத் தங்கும்வரை உணவு. நோய்க்கு மருத்துவர், பாம்புக்கடிக்கு வைத்தியர். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு ஆசிரியர், துணி, மூன்று வேளைச் சாப்பாடு, எண்ணெய்க் குளியல். வழியில் பிரசவமான பெண்ணுக்கு மூன்று மாதம்வரை பராமரிப்பு. இங்கிலாந்துச் சட்டம் காசுள்ள வழிப்போக்கரைத் திருப்பி அனுப்பாதே என்றது. தஞ்சைச் சத்திரம் காசைக் கேட்கவே இல்லை. ஒரத்தநாட்டில் முத்தம்பாள் என்ற பெண்மணியின் பெயரில் சரபோஜி கட்டிய சத்திரம் கம்பீரமான கட்டடம். தேர்ச் சக்கரங்களும் குதிரைகளும் யானைகளும் கல்லில் செதுக்கப்பட்டிருக்கின்றன. வாய்ப்புள்ளவர்கள் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும்.

பந்தி எல்லா இடத்திலும் ஒன்றாக இருந்ததில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். உழவர்கரை விருந்தில் கண்ட அதே கோடு பல சத்திரங்களின் கூடத்திலும் இருந்தது. பிராமணர்களுக்கு மட்டும் என்று சாசனம் எழுதிய அறக்கட்டளைகளும் உண்டு. சத்திரத்தைக் கொண்டாடுகிறவர்கள் இதை மறைக்கக் கூடாது. மணி அடித்துக் கூப்பிட்டது பெருமை. கூப்பிட்டபின் பிரித்து உட்கார வைத்தது குறை. இரண்டும் ஒரே கட்டடத்தின் வரலாறு.

இழந்தது என்ன என்பதைப் புதுச்சேரி நகருக்குள் வந்தால்தான் பார்க்க முடியும். முத்தியால்பேட்டை வழியாக இறங்கி, பெரிய வாய்க்காலுக்கு மேற்கே உள்ள தமிழ்த் தெருக்களில் நடந்தேன். வைசியாள் வீதியில் நடக்கும்போது எல்லோருக்கும் கால் தானாக மெதுவாகிவிடும். தெருவோடு ஒட்டி மரத்தூண்கள், அவற்றின் மேல் ஓட்டுக் கூரை. அதுதான் தாழ்வாரம். வீட்டுக்காரர் தம் செலவில் ஊருக்குக் கொடுத்த நிழல். அதற்குள் ஒரு படி ஏறினால் திண்ணை. மழைக்கு ஒதுங்குபவர், காய்கறிக் கூடையை இறக்கி வைப்பவர், முகவரி தேடி வந்தவர், வெளியூரிலிருந்து கடைசி வண்டியைத் தவறவிட்டவர் என்று யாரும் உட்காரலாம். கேட்டுக்கொண்டு உட்கார வேண்டும் என்பதுகூட இல்லை. திண்ணைக்குப் பின்னால்தான் செதுக்கு வேலைப்பாடுள்ள கதவு, நடை, முற்றம், கூடம். வழிப்போக்கருக்கும் வீட்டுக்காரருக்கும் இடையே இத்தனை அடுக்குகளைக் கட்டியவர்கள், முதல் இரண்டு அடுக்குகளை வழிப்போக்கருக்கே விட்டிருக்கிறார்கள். தெருவுக்குத் தெரு ஒரு சிறு சத்திரம் இருந்தது என்றே சொல்வேன்.

இந்த வீதியின் முகப்புகளை, பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு பழைய முறையில் மீட்டெடுத்தது. அதற்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. மகிழ வேண்டிய செய்தி. ஆனால் நகரம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் கணக்கு வருத்தம் தருகிறது. 1990களில் இன்டாக் பட்டியலிட்ட பாரம்பரியக் கட்டடங்கள் ஏறத்தாழ 1,800. பின்னர் எடுத்த கணக்கில் அதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இல்லை. கூட்டுச் சொத்து, பாகப்பிரிவினை, சுண்ணாம்புச் சாந்து வேலை தெரிந்த கொத்தனார் கிடைக்காதது, தேக்கு மரத்தின் விலை, மாதாமாதம் வாடகை தரும் அடுக்குமாடியின் ஈர்ப்பு என்று காரணங்கள் எல்லாம் நமக்குத் தெரிந்தவையே. அரசின் கட்டடத்துக்கே பாதுகாப்பு இல்லாமல் இருந்தது. கடற்கரைச் சாலையில் இருந்த மேரி என்ற பழைய நகராட்சி மாளிகை 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதே தோற்றத்தில் மறுபடி கட்டி 2021இல்தான் திறந்தார்கள்.

இந்த இடிபாட்டுக்கு நடுவே பழைய வீடுகளைக் காப்பாற்றியவை, சொன்னால் சிலருக்குக் கசக்கும், விடுதிகள்தான். பெருமாள் கோயில் வீதியில் உள்ள மேசோன் பெருமாள் போன்ற வீடுகளைப் பாருங்கள். தமிழ் வணிகர் வீடு, முற்றத்தைச் சுற்றி அறைகள், மரத்தூண்கள், முற்றத்து ஓரத்திலேயே சாப்பாட்டு மேசைகள். விடுதியாக மாறியிராவிட்டால் அந்தத் தூண்கள் என்றோ பழைய மரக்கடைக்குப் போயிருக்கும். அறைக்கு வரும் பணம் ஓடு மாற்றுகிறது, கரையானைத் தடுக்கிறது, தச்சருக்கும் கொத்தனாருக்கும் வேலை தருகிறது. வெறும் சட்டத்தால் பழைய வீட்டைக் காக்க முடியாது. அதற்குள் யாராவது வாழ வேண்டும், அல்லது பிழைக்க வேண்டும்.

அந்த மேசைகளில் வருகிற சாப்பாடும் ஊரின் வரலாற்றைச் சொல்கிறது. மீன் குழம்பும் இல்லாமல் பிரெஞ்சு சூப்பும் இல்லாமல் இடையில் நிற்கும் புய்யாபேஸ். வினிகரும் பூண்டும் போட்ட ரகூ. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து சைகோனில் வேலை பார்த்துத் திரும்பிய சொல்தா குடும்பங்கள் கொண்டுவந்த நேம் என்ற வியட்நாமியச் சுருள். கிறிஸ்துமஸ் வந்தால் ரவையும் வெண்ணெயும் ரம்மில் ஊறிய உலர்திராட்சையும் சேர்ந்த வீவிக்கம் கேக். இந்தச் சமையல் ஓட்டல்களில் பிறந்ததல்ல, வீடுகளில் பிறந்தது. பாட்டிமார் கைப்பட எழுதிய நோட்டுகளில் இருந்தது. லூர்து திருவான்சியம் லூயி அதில் ஒரு பகுதியை நூலாகத் தொகுத்துக் கொடுத்திருக்கிறார். விடுதிச் சமையலறைகள் இதைச் செய்யாமல் எல்லா ஊரிலும் கிடைக்கும் பாஸ்தாவைச் செய்து வைத்தால் அது ஊருக்குச் செய்யும் அநியாயம்.

ஊரில் எல்லா விருந்தினர் இல்லமும் மது பரிமாறுவதில்லை. கடற்கரைச் சாலையின் தென்கோடியில் உள்ள பார்க் கெஸ்ட் ஹவுஸ் உட்பட ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமம் நடத்தும் இல்லங்களில் மதுவுக்கும் புகைக்கும் அனுமதி இல்லை. இரவு குறித்த நேரத்தில் கதவைச் சாத்திவிடுவார்கள். குறைந்த வாடகையில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்க அதைவிட நல்ல இடம் இல்லை. இதுவும் அந்தப் பழைய சத்திரத்தின் தொடர்ச்சிதான்.

மதுவைப் பொறுத்தவரை புதுச்சேரியின் தனிவழிக்குக் காரணம் அரசியல் எல்லை. பிரெஞ்சுக் காலத்தில் சாராயக் குத்தகை ஆட்சிக்கு ஒரு வருவாய். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பிலேயே அந்தக் குத்தகைப் பேச்சுகள் உண்டு. பக்கத்தில் சென்னை மாகாணம் 1937இல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கி, 1948இல் மாகாணம் முழுவதற்கும் விரித்தபோது புதுச்சேரி வேறொரு நாட்டின் கையில் இருந்தது. 1954 அக்டோபர் 18இல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர ஆதரவு. நவம்பர் 1இல் ஆட்சி மாறியது. குடிக்கும் சட்டம் மாறவில்லை. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. இங்கே கள்ளுக்கடையும் சாராயக்கடையும் இன்றும் அரசு ஏலத்தில் போகின்றன. எனவே நகரில் மூன்று வகைக் குடியிடம். ஓட்டுக் கூரையின் கீழே சுண்டலும் மீன் வறுவலும் விற்கும் கூலிக்காரர்களின் சாராயக்கடை, காதைப் பிளக்கும் பாட்டோடு வார இறுதிக் கூட்டத்துக்கான ரெஸ்டோ பார், முற்றத்தில் மெழுகுவத்தி ஏற்றிய பாரம்பரிய விடுதி. மூன்றுக்கும் வருகிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பதே இல்லை. ரெஸ்டோ பார்களைக் குடியிருப்புத் தெருக்களில் திறப்பதை எதிர்த்து அங்கே வாழும் மக்கள் போராடி வருவதை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். தூங்கும் குழந்தையின் சன்னலுக்கு நேரே ஒலிபெருக்கி வைப்பது விருந்தோம்பலில் சேராது.

இதற்கெல்லாம் முன் இந்தக் கடற்கரையில் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள இரண்டு திசையில் போகலாம். தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது மத்தியதரைக் கடல் நாட்டு மண்சாடிகளின் துண்டுகள் கிடைத்தன. திராட்சை மதுவும் ஆலிவ் எண்ணெயும் மீன் சாறும் வந்த சாடிகள். பிரெஞ்சுக்காரர் வருவதற்கு ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஊர் வெளிநாட்டு மதுவைப் பார்த்திருக்கிறது.

நான் போனது வடக்கே. கருவடிக்குப்பத்தில் பாரதியின் குயில் தோப்பு இருந்த பக்கத்தைக் கடந்து, கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து, கழுவெளியின் நீர்ப்பரப்பும் உப்பளங்களும் வரும்வரை. முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால் மரக்காணம். சங்கப் பாட்டான சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினம் இதுதான் என்பது அறிஞர் முடிபு. இதற்கு வடக்கே உள்ள இடைக்கழிநாடுதான் அந்தப் பாட்டைப் பாடிய நல்லூர் நத்தத்தனாரின் ஊர். ஓய்மானாட்டுச் சிற்றரசன் நல்லியக்கோடனிடம், இன்றைய திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கிலுக்குப் போகும் வறிய பாணனுக்கு அவர் வழி சொல்கிறார். வழியில் எங்கே என்ன கிடைக்கும் என்றும் சொல்கிறார். எயிற்பட்டினத்தில் பரதவர் முதிர்ந்த கள்ளான தேறலை ஊட்டுவார்கள், உலர்ந்த குழல் மீனைச் சுட்டுக் கொடுப்பார்கள். வேலூரில் எயினர் புளி கலந்த சோறும் சுட்ட இறைச்சியும் தருவார்கள். ஆமூரில் உழவர் பெண்கள் குத்திய அரிசிச் சோற்றோடு நண்டுக் கலவை தருவார்கள்.

இதை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. குடி, உணவு, இடம் எல்லாம் ஒரே வீட்டு வாசலில். கொடுப்பவர் செல்வர் அல்லர், மீனவரும் வேடரும் உழவரும். பெறுபவர் காசில்லாத இசைக்காரர். கள்ளைத் தனியாக ஒரு கடையில் ஒதுக்கி வைக்கவில்லை. மீனோடு, மனிதரோடு சேர்த்துக் கொடுத்தார்கள். ஊற்றுகிறவருக்குக் குடிப்பவரின் முகம் தெரியும். ஐரோப்பிய விடுதியை நினைத்து ஏங்குகிற நாம், நம் மொழியில் இருக்கும் இந்த மிகப் பழைய விடுதி வழிகாட்டியைப் பயண நூலாகப் படிப்பதில்லை. தேர்வுக்காகப் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம்.

மரக்காணம் சந்தைப் பக்கம் கருவாடு விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்மணியிடம் பேசிக்கொண்டிருந்தேன். "அக்கா, இதை எப்படிச் செஞ்சா நல்லாருக்கும்?" என்றேன். "கொழம்பு வைக்கலாம் தம்பி. ஆனா சுட்டுத் தின்னாத்தான் ருசி. அந்தக் காலத்துல எங்க வூட்டு ஆம்பளைங்க கடலுக்குப் போய்ட்டு வந்தா கள்ளோட இதான்" என்றார். பிறகு குரல் தாழ்ந்தது. "இப்பதான் கண்ட கருமாந்தரத்தையும் குடிச்சுச் சாவுறாங்களே."

அவர் சொன்னது 2023 மே மாதத்தை. மரக்காணத்தை ஒட்டிய எக்கியார்குப்பம் மீனவர் குடியிருப்பில் மெத்தனால் கலந்த விஷச் சாராயத்தைக் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெண்களும் இறந்தார்கள். மெத்தனால் உடலுக்குள் பார்மிக் அமிலமாக மாறுகிறது. முதலில் கண் போகும், பிறகு உயிர். விருந்தாளிக்குத் தேறல் ஊட்டிய அதே பட்டினக் கடற்கரையில் இது நடந்தது. கள்ளைத் தடை செய்து, கடைச் சரக்கை விலையேற்றி, ஏழையை மறைவிடத்துக்குத் துரத்தினால் ஊற்றுகிறவரின் முகம் யாருக்கும் தெரியாமல் போகிறது. மதுவை நான் சிபாரிசு செய்யவில்லை. குடித்து அழிந்த குடும்பங்களை லாஸ்பேட்டையிலேயே நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் குடி இருக்கத்தான் போகிறது என்றால் அது வெளிச்சத்தில், உணவோடு, பொறுப்பேற்கிற ஒருவரின் கூரைக்குள் இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒரு நல்ல சிற்றூர் விடுதி செய்கிற வேலை அதுதான்.

அதனால்தான் வைசியாள் வீதித் திண்ணைகளைப் பற்றி இவ்வளவு சொன்னேன். பழைய வீடுகள் விடுதிகளாகட்டும், சாப்பாட்டுக் கூடமும் மதுவும் இருக்கட்டும். ஆனால் விடுதியானவுடன் பல வீடுகளில் முதலில் அடைபடுவது தாழ்வாரமும் திண்ணையும்தான். இரும்புக் கிராதி வருகிறது, பூந்தொட்டி வரிசை வருகிறது, சீருடைக் காவலர் வந்து உட்கார்ந்துகொள்கிறார். தெருவில் நடப்பவருக்கு நிழல் போய்விடுகிறது. கட்டடத்தைக் காப்பாற்றிவிட்டு அது கட்டப்பட்ட நோக்கத்தைக் கைவிட்டதாக ஆகிறது.

புதுச்சேரி அரசு இதைத் தடுக்க முடியும். பாரம்பரிய வீட்டில் விடுதி நடத்தவும் மது பரிமாறவும் உரிமம் தரும்போது இரண்டு நிபந்தனைகளைச் சேர்த்தால் போதும். தாழ்வாரமும் திண்ணையும் தெருவுக்குத் திறந்தே இருக்க வேண்டும், இரவில் ஒலிபெருக்கி கூடாது. அதோடு ஜிப்மர் வாசலில் பாய் விரித்துக் கிடக்கிறவர்களுக்கு, சரபோஜி எழுதியதுபோல் நள்ளிரவிலும் கதவு திறக்கும் சத்திரங்கள் இன்னும் வேண்டும். சுற்றுலாவில் வரும் வரியில் ஒரு பங்கை அதற்கு ஒதுக்குவது இந்த ஊரின் கடமை.

இங்கே வருகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். அறை தேடும்போது கடற்கரையோடு நின்றுவிடாதீர்கள். வாய்க்காலுக்கு மேற்கே வாருங்கள். ஒரு தமிழ் வீட்டில் தங்குங்கள், இந்த ஊர்ச் சமையலைக் கேட்டுச் சாப்பிடுங்கள். காலையில் அந்த வீட்டின் திண்ணையில் உட்காரத் தடை இருந்தால் ஏன் என்று நிர்வாகியிடம் கேளுங்கள். காசு கொடுக்கும் விருந்தினர் கேட்டால் கதவு திறக்கும்.